நகுதாவின் மேல் பட்ட கண்

பஹ்ரைனின் முஹர்ரக்கில் அந்தச் சந்துக்குள் இருக்கும் சபீக்காவின் வீட்டுக்கு யார் போனாலும், சலாம் சொன்ன கையோடு "மாஷா அல்லாஹ்" என்றும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் காவா என்கிற அரபுக் காப்பி கிடைக்காது. வரவேற்பறையில், முன்பு டிவி இருந்த இடத்தில், இடுப்புயர மர அலமாரியின் மேல் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கடல்குதிரைகள். அவற்றைப் பார்த்துவிட்டு, படைத்தவனை ஒரு வார்த்தை நினைக்காமல் யாராவது பாட்டுக்கு உட்கார்ந்தால், சபீக்கா காவாக் கெண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். சிரித்த முகமாகத்தான் நிற்பாள், ஆனால் கெண்டி சாயாது. வந்தவருக்கு உறைத்து, அவசர அவசரமாக அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் கிண்ணத்தில் காவா விழும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அழகான ஒன்றை வெறும் கண்ணால் மட்டும் பார்த்தால் அந்தக் கண் சுட்டுவிடும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் இவை சும்மா அழகா? ஆண் சாம்பல் கலந்த மஞ்சள். நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றைத் தள்ளி, பழைய போட்டோக்களில் முத்துக்குளிக்கும் தோணியின் தலைவன் நிற்பானே, அப்படி நிற்பான். அதனால் அவனுக்கு நகுதா என்று பெயர். பெண் கொஞ்சம் சிறியவள், வெளிர் நிறம், மேலெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. பெரிய முத்துக்கு அந்த ஊரில் சொல்கிற பெயரையே அவளுக்கு வைத்தாள் சபீக்கா. தானா.

கடைசி மகளும் கல்யாணமாகிப் போன பிறகு மனாமாவுக்குத் திரைச்சீலை வாங்கப் போனவள் இவற்றோடு திரும்பி வந்தாள். திரைச்சீலைக் கடைக்குப் பக்கத்தில் மீன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செடியை வாலால் பிடித்துக்கொண்டு ஒரு பிராணி நின்றது. அதன் ஒரு கண் கடைக்காரனைப் பார்த்தது, மறு கண் சபீக்காவைப் பார்த்தது. ஒரே நேரத்தில் விற்கிறவனையும் வாங்குகிறவளையும் நோட்டம் விடுகிற சாமர்த்தியசாலியைக் கடையில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை; ஜோடியோடு வாங்கிக்கொண்டாள்.

"குதிரைன்னு சொன்னே," என்றார் அவள் கணவர் கானிம். அலுமினிய ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய டிவிதான் படுக்கையறைக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது. "ஓடவும் இல்ல, கனைக்கவும் இல்ல. செடியப் புடிச்சிக்கிட்டு நிக்குது. இதுக்கு ஒரு ஜாடி வாங்கி வெச்சிருக்கலாம்."

"ஓய்வு வாங்கினதுலேர்ந்து நீங்களும் சோஃபாவப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்க. நான் ஏதாவது சொன்னேனா?"

ஆனால் வளர்ப்பது லேசான காரியமில்லை. பஹ்ரைன் வெயிலுக்கு அவற்றின் தண்ணீர் எப்போதும் குளிர்ந்து இருக்க வேண்டும், அதற்கு ஒரு இயந்திரம். அருந்தும் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்து, ஒரு பீப்பாய் நிறைய எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். வேறு மீனோடு சேர்த்து விட முடியாது. மற்ற மீன்கள் பறந்து வந்து தின்றுவிட்டுப் போகும், இவை அதற்குள் யோசித்துக்கூட முடித்திருக்காது. தின்பது வயிற்றில் தங்கவும் தங்காது, ஏனென்றால் வயிறு என்று ஒன்றே கிடையாது. அதனால் காலையிலிருந்து விளக்கு அணைகிறவரை திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டும். உறைந்த பொடி இறாலைக் கரைய விட்டு, கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, மூக்குக்கு நேரே ஒன்றொன்றாக விடுவாள். நகுதா இறாலைப் பார்ப்பான். தலையைச் சாய்ப்பான். மறுபடி பார்ப்பான். இவன் இனிமேல் தின்ன மாட்டான் என்று நாம் முடிவு கட்டுகிற நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், சுண்டுவிரலைச் சொடுக்கியதுபோல. இறால் இருக்காது. கண்ணாடிக்கு வெளியேகூட அந்தச் சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியபோது கிடைக்காத திருப்தி அந்தச் சத்தத்தில் சபீக்காவுக்குக் கிடைத்தது.

காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று தேடி வரும். நிறம் வெளுத்து மின்னும். ஒரே செடியைச் சுற்றி, வாலோடு வால் பின்னி, மெதுவாகச் சுற்றும். தினமும், ஒரு நாள் தவறாமல், முந்தின இரவுதான் பிரிந்ததை மறந்துவிட்டு நெடுநாள் கழித்துச் சந்திப்பவர்கள்போல. சபீக்கா தொழுகை விரிப்பை மடித்துக் கையில் வைத்தபடி நின்று பார்ப்பாள். ஒரு நாள் கானிமும் வந்து நின்றார். "முப்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னை இப்படி எழுப்பியிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்படி ஒரு காலையில் தானா தன் முட்டைகளை நகுதாவின் வயிற்றுப் பையில் வைத்துவிட்டு, கடமை முடிந்ததென்று தன் செடிக்குத் திரும்பிவிட்டாள். நகுதா கர்ப்பமானான்.

செய்தி சந்தில் பரவியது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள், கர்ப்பிணிப் புருஷனைப் பார்க்க.

"என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டணும்," என்றாள் ஒருத்தி. "ஜலதோஷம் வந்தாலே மரண சாசனம் சொல்ற ஆளு."

"இவளப் பாரு, தானாவ. என்ன ஒய்யாரம்! பொறந்தா இப்படிப் பொறக்கணும்."

கானிம் அந்த வாரம் முழுக்க வரவேற்பறைப் பக்கமே வரவில்லை.

எல்லோரும் மறக்காமல் மாஷா அல்லாஹ் சொன்னார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் தர்ஃபா.

தர்ஃபா அடுத்த வீடு. கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. சபீக்காவும் அவளும் ஒரே வருடம் அந்தச் சந்துக்குக் கல்யாணமாகி வந்தவர்கள். கெட்ட மனசு அவளுக்குக் கொஞ்சமும் கிடையாது, அதைச் சந்தே ஒத்துக்கொள்ளும். ஆனால் கண் மட்டும் கொள்ளிக்கண் என்றும் சந்தே சொல்லும். கல்யாண வீட்டில் ஒரு மணப்பெண்ணின் கூந்தலைப் பார்த்து "யப்பா, என்ன முடி!" என்றாளாம், வருடம் திரும்புவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. புதுக் காரைப் பார்த்து வாயைப் பிளந்தாள், மறுநாள் அது பள்ளிவாசல் சுவரில் மோதியது. ஓட்டியவனுக்குச் சரியாக ஓட்டத் தெரியாது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த தர்ஃபா, கடல்குதிரைகள் வந்தபிறகு தினமும் வர ஆரம்பித்தாள். முற்பகலில் வருவாள். தொட்டிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அத்தோடு வாய் அடைத்துவிடும். சபீக்கா கெண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தர்ஃபாவுக்குக் காவா வரவில்லை என்பதே தெரியாது. கடைசியில் கை வலித்து சபீக்காவே ஊற்றிவிடுவாள். அந்தக் காவாவும் ஆறிப் போகும்.

கொஞ்ச நேரம் கழித்து தர்ஃபா பேசுவாள். அவள் சொல்வதெல்லாம் சபீக்காவே கவனிக்காத விஷயமாக இருக்கும்.

"தலையில கிரீடம் மாதிரி இருக்கே, ரெண்டுக்கும் வேற வேறடி. இவனுக்கு அஞ்சு முனை. அவளுக்கு ஒரு முனை மழுங்கியிருக்கு, பாரு."

"இவன் எம்மேல கோவமா இருக்கான். நான் வந்து உக்காந்ததும் கறுத்தான். இப்பத்தான் பழைய நிறம் வருது. சமாதானமாயிட்டான்."

"தூங்கறப்பவும் செடிய விடமாட்டான் போல. விட்டா எங்க போயிடுவோம்னு பயம். பாவம், எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு புடிச்சிக்க வேணுமில்ல?"

அவளைப்போல அவற்றைப் பார்த்தவர்கள் யாருமில்லை. சபீக்காவுக்கு அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மற்றவர்கள் போகிறபோக்கில் பார்த்தார்கள். இவள் கண்ணாலேயே எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். அதுவும் கர்ப்பமாக இருக்கிறபோது.

"மாஷா அல்லாஹ்னு சொல்லேன்டி," என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

தர்ஃபா திடுக்கிட்டுத் திரும்பினாள். "சொல்லலியா நான்?" என்றாள். உடனே சொன்னாள். மறுநாள் மறுபடி மறந்துவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி கிளம்ப வேண்டிய நேரத்தில் வீட்டுக்காரி தூபக்காலில் நெருப்பிட்டு, அகில் கட்டை போட்டுக் கொண்டுவருவாள். வந்தவர்கள் புகையைக் கூந்தலிலும் சட்டைக் கையிலும் வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். தூபம் வந்த பிறகும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. சபீக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தர்ஃபாவுக்கு மட்டும் தூபம் நாளுக்கு நாள் சீக்கிரமாக வர ஆரம்பித்தது. ஒரு நாள் காவாவோடு சேர்ந்தே வந்தது. தர்ஃபா புகையை வாங்கிக்கொண்டு, தொட்டியை இன்னொருமுறை பார்த்துவிட்டு, எழுந்து போனாள்.

அவள் போனதும் சபீக்கா அதே தூபக்காலைத் தொட்டியைச் சுற்றிக் காட்டுவாள், வாயில் ஓதிக்கொண்டே. கண்ணேறுக்கு அகில் புகை நல்லது. அதன் பிறகு தூபக்காலைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரிக்குள் வைத்துக் கதவை ஒருக்களித்துவிடுவாள். புதுத் துணிக்குப் புகை ஏற்றுவதும் இப்படித்தான். மூடின இடத்தில் வைத்தால் வாசனை நின்று காக்கும். உப்பு மூட்டை, வலை, பஞ்சு, இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு காற்று பம்ப், எல்லாம் அந்த அலமாரிக்குள்தான் இருந்தன.

முதலில் தானா இறாலைத் துப்பினாள். பிறகு காலை நடனம் நின்றது. விளக்கைப் போட்டதும் இரண்டும் அவரவர் செடியிலேயே நின்றன, கோபித்துக்கொண்ட தம்பதிபோல. பிறகு நகுதா கறுத்தான், கறுத்தவன் வெளுக்கவே இல்லை. மூச்சு வேகமாக வாங்கியது. ஒரு நாள் மதியம் வால் பிடி தளர்ந்து, புடைத்த வயிற்றோடு மணலில் சாய்ந்து கிடந்தான். அந்த நகுதா! நெஞ்சை நிமிர்த்தி நின்ற நகுதா! சபீக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

மீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"வீட்டுல பூச்சி மருந்து அடிச்சீங்களா?"

"இல்ல."

"பெயின்ட்? சென்ட்? ரூம் ஸ்ப்ரே?"

"அல்லாஹ் மேல ஆணையா எதுவும் இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. அகில் புகை அவளுக்கு ஒரு பொருளே இல்லை. அந்த வீட்டில் கூரை இருந்ததுபோல, தரை இருந்ததுபோல, அதுவும் இருந்தது.

"தண்ணிய மாத்திப் பாருங்க," என்றார் கடைக்காரர். மாற்றினாள். நகுதா எழுந்து செடியைப் பிடித்தான். அவளுக்கு உயிர் வந்தது. மறுநாள் தர்ஃபா வந்து பார்த்துவிட்டுப் போனாள். சபீக்கா இரட்டிப்பாக அகில் போட்டு அலமாரிக்குள் வைத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் நகுதா மறுபடி மணலில் கிடந்தான்.

இனி என்ன சாட்சி வேண்டும்?

"அவ தொட்ட தண்ணி வேணும்," என்றாள் கானிமிடம்.

கண் வைத்தவர் முகமும் கையும் கழுவிய தண்ணீரைக் கண் பட்டவர் மேல் ஊற்றினால் நோய் இறங்கும். கேட்டால் மறுக்காமல் கொடுக்க வேண்டும் என்பதும் முறைதான். ஆனால் யாரும் நேரில் கேட்க மாட்டார்கள். காவாக் கிண்ணத்து மிச்சத்தையோ, தின்று போட்ட பேரீச்சங்கொட்டையையோ தெரியாமல் எடுத்து அலசிக்கொள்வார்கள். கேட்பதென்றால், உன் கண் கெட்ட கண் என்று முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும்.

கானிம் வழக்கம்போலக் கிண்டல் செய்வார் என்று நினைத்தாள். அவர் செய்யவில்லை. "வேணாம், உம்மு நாயிஃப்," என்றார். மூத்த மகன் பெயரைச் சேர்த்து அவர் கூப்பிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம். "எனக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடந்தப்ப உங்கூடவே கெடந்தா அந்தம்மா. ஒரு மீனுக்காக அவகிட்ட போயி இதைக் கேக்கப் போறியா?"

"கிண்ணம் அலசின தண்ணி போதாதுங்க. அவன் வயித்துல அத்தனை உசுரு இருக்கு."

அவள் போய்விட்டாள்.

தர்ஃபா சமையலறையில் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். சபீக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நகுதா எப்படி இருக்கான்?" என்றாள்.

சபீக்கா கொண்டுவந்திருந்த காலிப் பாட்டிலை மேசை மேல் வைத்தாள். என்ன வார்த்தை சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை. பாட்டிலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தர்ஃபாவும் பாட்டிலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. முகம் மெதுவாக அணைந்தது.

"நேர்ல வந்து கேட்டே பாரு," என்றாள். "மத்தவங்கல்லாம் நான் குடிச்ச கிண்ணத்தத் திருடுவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்குவாங்க. என் வீட்டுல எத்தனை கிண்ணம் கொறஞ்சிருக்கு தெரியுமா?"

"தர்ஃபா..."

"இருடி. மீன் கையி."

குழாயடியில் சோப்பு போட்டுக் கை கழுவினாள். பிறகு வெறும் தண்ணீரில் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். சபீக்கா பொறுமை இழந்து, "போதும்டி, எதுக்கு இவ்வளவு?" என்றாள்.

"சோப்பு ஒரு சொட்டுப் பட்டாலும் அதுங்களுக்கு விஷம்னு நீதான சொன்னே?"

அதன் பிறகு ஒரு பாத்திரத்தை வைத்து, குடிக்கிற தண்ணீரை எடுத்து, முகத்தையும் முழங்கை வரை இரண்டு கைகளையும் கழுவிப் பாத்திரத்தில் விட்டாள். சிந்தாமல் பாட்டிலில் ஊற்றி மூடியைத் திருகினாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அதனால் அழுகிறாளா, தண்ணீர்தானா என்று சபீக்காவால் சொல்ல முடியவில்லை.

"நான் வேணும்னு பண்ணல. பார்க்கக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டுத்தான் வருவேன். அவன் அந்தக் கண்ண ஒண்ணைத் திருப்பி என்னைப் பார்ப்பானா, எல்லாம் மறந்து போயிடும். அந்த வார்த்தையும் மறந்து போயிடும். இனிமே வரல. அவன் நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்."

சபீக்கா வாசல்வரை வந்துவிட்டாள். பின்னாலேயே தர்ஃபா ஓடி வந்தாள்.

"அடியே, இது நல்ல தண்ணி! அப்படியே ஊத்திடாதே, அதுங்க உப்புத்தண்ணி ஜீவன். உப்பக் கரைச்சி ஊத்து."

வீட்டுக்கு வந்த சபீக்கா உப்பை எடுக்க அலமாரிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே அடைந்து கிடந்த புகை முகத்தில் மோதியது. கிளம்பும் முன் மறுபடி வைத்த தூபக்காலில் கடைசிக் கட்டை இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கதவு திறந்ததும் புகை வெளியே வந்தது. ஆனால் எல்லாப் புகையும் வரவில்லை. ஒரு இழை மட்டும் பக்கவாட்டில் வளைந்து போனது. நூல் பிடித்து இழுத்ததுபோல நேராகப் போய்க் காற்று பம்ப்பின் அடியில் நுழைந்து மறைந்தது.

சபீக்கா குந்தி உள்ளே பார்த்தாள்.

பம்ப்பிலிருந்து தொட்டிக்குப் போகும் மெல்லிய டியூப் வாங்கும்போது கண்ணாடிபோல இருந்தது. இப்போது உள்ளே முழுக்கப் பழுப்பு. எழுந்து, டியூபைத் தண்ணீரிலிருந்து உருவி, முனையிலிருந்த குமிழ்க்கல்லை மூக்கருகே கொண்டுபோனாள். அவளுக்குத் தெரியாத வாசனையா? பெருநாளைக்குத் தன் கூந்தலில் ஏற்றிக்கொள்ளும் வாசனை. மகள்களின் கல்யாண உடைகளில் ஏற்றிய வாசனை. அதைத்தான் நகுதா மூச்சுக்கு மூச்சு குடித்துக்கொண்டிருந்தான். தர்ஃபா வந்துபோன நாளெல்லாம். தர்ஃபா வந்துபோனதற்காகவே.

"அபூ நாயிஃப்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கானிம் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவருடைய கையில் டியூபைக் கொடுத்தாள். முகர்ந்தார். அலமாரியைப் பார்த்தார். தூபக்காலைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். போய்ப் பீப்பாயைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார்.

தண்ணீரை மாற்றினார்கள். கடைக்குப் போய் கானிம் புது டியூபும், அழுக்கை உறிஞ்சும் கரித்தூள் பையும் வாங்கி வந்தார். பம்ப்பைக் கழற்றி ஜன்னலோரம் மாட்டினார். தூபக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் மாடியில் கொண்டுபோய் வைத்தார். மறுநாளும் தண்ணீர் மாற்றினார்கள். தர்ஃபா கொடுத்த பாட்டில் மூடி திறக்காமல் ஜன்னல் திட்டில் இருந்தது. ஊற்றவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை.

நகுதா ஒரு மதியம் எழுந்து செடியைப் பிடித்தான். நிறம் தெளிந்தது. சபீக்கா ஒரு இறாலை விட்டாள். பார்த்தான். தலையைச் சாய்த்தான். மறுபடி பார்த்தான்.

டிக்.

"தின்னுட்டான்யா!" என்று கத்தியது கானிம்.

ஆனால் தர்ஃபாவின் நாற்காலி தொட்டிக்கு எதிரே காலியாகவே கிடந்தது. சபீக்கா மூன்று நான்கு தடவை அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க முடிந்தவளுக்கு, வெறுங்கையோடு போய்ச் சொல்ல முடியவில்லை. இப்படித்தான் இருக்கிறது மனிதப் பிறவியின் வீரம்.

ஒரு நாள் விடியற்காலை, தொழுது முடித்து விளக்கைப் போட்டவள், நகுதா முன்னும் பின்னும் மடங்கி நிமிர்வதைப் பார்த்தாள். வயிற்றுப் பையின் வாய் விரிந்தது. ஒரு உதறல். புகைபோல ஒரு கொத்து வெளியே வந்தது. அது புகையில்லை. கண்ணிமை மயிர் நீளத்தில், தலையும் மூக்கும் வாலும் கொண்ட முழுக் கடல்குதிரைகள். அத்தனையும் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டே பிறந்தன.

தொழுகை உடையோடு, தலைதெறிக்க ஓடிப் போய்த் தர்ஃபாவின் கதவைத் தட்டினாள். பிடித்த கையை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். தர்ஃபா வரவேற்பறை வாசலில் நின்றுவிட்டாள். முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பார்க்கல. வேணாம்டி. பச்சப்புள்ளைங்க."

"உன் கண்ணு இல்லடி! என் புகை! உன்னைச் சீக்கிரமாத் தொரத்தறதுக்குப் போட்ட புகை. அடியில வெச்சேன், பம்ப்பு இழுத்து அவன் மூஞ்சியில ஊதியிருக்கு. நான்தான் கொல்லப் பார்த்தேன். உன் தண்ணி அதோ அப்படியே இருக்கு. ஒரு சொட்டு ஊத்தல."

முக்காட்டைப் பிடித்த கை இறங்கவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு முடி?" என்றாள் தர்ஃபா.

சபீக்காவுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை.

"அந்தக் கல்யாணப் பொண்ணு. அப்புறம் அந்தக் காரு. உன் மொதப் பேரன் பொறந்தப்ப நான் ஏன் பார்க்க வரல தெரியுமா? இந்தச் சந்துல பொறந்த ஒரு புள்ளையையும் நான் மொகத்த நிமிர்த்திப் பார்த்ததில்லடி. அதெல்லாமும் நான் இல்லையா?"

சபீக்காவும் அதையெல்லாம் நம்பியவள்தான். சந்தில் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லிச் சிரித்தவள்தான். தர்ஃபாவின் முக்காட்டைத் தன் கையாலேயே விலக்கினாள். தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பாரு," என்றாள். "ஆசை தீரப் பாரு."

தர்ஃபா பார்த்தாள். குஞ்சுகள் மேலே மிதந்து வந்துகொண்டிருந்தன. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டன. நகுதா வயிறு ஒட்டிப்போய், களைத்துப்போய், இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றான். தானா தன் செடியை விட்டு இறங்கி அவனைத் தேடி வந்தாள். இரண்டும் வெளுத்து மின்னின. வாலோடு வால் பின்னி மெல்லச் சுற்ற ஆரம்பித்தன.

கானிம் காவாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெயில் ஏறியது. குஞ்சுகளைக் கிண்ணத்தால் மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றினார்கள், மொண்டது தர்ஃபாவின் கை. கெண்டி காலியாகி மறுபடி நிறைந்தது. இவ்வளவு நேரத்தில் மூன்று பேரில் ஒருவர்கூட மாஷா அல்லாஹ் சொல்லவில்லை என்பது சபீக்காவுக்கு நினைவு வந்தபோது நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குமே வாய் அடைத்துப் போயிருந்தது. இப்போது சொன்னாள், மூவருக்கும் சேர்த்து.

தர்ஃபா நாற்காலியில் நெளிந்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"என்னடி?" என்றாள் சபீக்கா.

"இல்ல... தூபத்தக் கொண்டாந்தா நான் எழுந்து போவேன்ல. எப்பப் போறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

"இந்த வீட்டுல இனிமே தூபம் கெடையாது," என்றாள் சபீக்கா.